மணிக்கட்டில் கட்டிய மணல்

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் மரத்தாலான ஓர் இயந்திரம் நிற்கிறது. வருகிறவர்கள் யாவரும் முதலில் அதனைத் தறி என்றே எண்ணுகிறார்கள். நெசவுக்கும் பின்னலுக்கும் பெயர்பெற்ற இந்தப் பகுதியில் அப்படி நினைப்பதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் அது நூலுக்காகச் செய்யப்பட்டதன்று. பனி படர்ந்த நாடுகளில், காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு இரு கைகளிலும் கோல் ஊன்றிச் சறுக்கிச் செல்கிறார்களே, அந்தச் சறுக்கு நடையை வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கான உடற்பயிற்சி இயந்திரம் அது. பெருமாநல்லூரில் பனிச்சறுக்கா என்று சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தவள்தான்.

என் தம்பி கனடாவில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு 2021இல் குடும்பத்துடன் ஊர் திரும்பினான். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியபோது இதனையும் சேர்த்து அனுப்பிவிட்டான். திருப்பூரில் அவன் பிடித்த வாடகை வீட்டில் இதனை வைக்க இடமில்லை. "அக்கா, உங்கள் கூடம் பெரிது. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்று கொண்டுவந்து இறக்கினான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நான் அதன்மீது ஏறக் காரணமாயிருந்தது என் தாயாரின் நினைவு. அம்மாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சர்க்கரை நோய். ஒரு கோடையில் மொட்டைமாடியில் மிளகாய் உலர்த்தப் போனவர் வெறுங்காலோடு நடந்து உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டார். உணர்ச்சி குன்றிய காலாதலால் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாயிற்று, புண்ணுக்கு முதலில் ஒரு விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தது. 2009இல் அவர் வபாத்தானார். கடைசி இரண்டு ஆண்டுகளும் அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைத்தவள் நான். எனக்கு 52 வயதில் அதே நோய் வந்திருப்பதாக மருத்துவர் சொன்னபோது, என் கண்கள் நேரே என் பாதங்களுக்குத்தான் போயின.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 8.6 என்று வந்திருந்தது. மாத்திரையோடு நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான வேகத்தில் உடல் உழைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு. நாளுக்கு அரை மணி என்று ஐந்து நாட்கள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் எங்கே நடப்பது?

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். சேலத்திலிருந்து கொச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து கோபி செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் பெருமாநல்லூர். விடியுமுன்பே பனியன் கம்பெனிகளின் வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கிவிடும். சுப்ஹு தொழுதுவிட்டு இறங்கினால் தெருநாய்கள். சற்றுத் தாமதித்தால் வேன்கள். மாலையில் ஷிப்ட் விட்டு வரும் இருசக்கர வாகனங்கள். ஒரு வாரம் முயன்றேன். லாரியொன்று முக்காட்டின் முனையை உரசிக்கொண்டு போன அன்று நடப்பதை விட்டுவிட்டேன். தெருவில் நடக்கும் பெண்ணைப் பார்க்கும் பார்வைகளைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு அதனை எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

ஆகவே கூடத்திலிருந்த மர இயந்திரத்தின் மீதிருந்த துணி மூட்டையை எடுத்து அப்பால் வைத்தேன்.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நான் செய்த பிழை விளங்க அது தேவை. உருளைகளின் மீது முன்னும் பின்னும் ஓடும் இரண்டு மரப்பலகைகள். அவற்றின் மீது கால்களை வைத்து நிற்க வேண்டும். ஒரு காலைப் பின்னுக்குத் தள்ளும்போது முன்புறமுள்ள கனத்த சக்கரம் சுழலும். காலை முன்னுக்குக் கொண்டுவரும்போது சக்கரம் பற்றாது. சைக்கிளின் பிரீவீல் எப்படியோ அப்படி. அடிவயிற்றைத் தாங்க முன்னால் ஒரு மெத்தைப் பட்டை. கைகளுக்கு ஒரு கயிறு. அது எதிரேயுள்ள சிறு உருளையில் சுற்றப்பட்டு இரு முனைகளிலும் கைப்பிடியோடு வரும். ஒரு கையால் பின்னுக்கு இழுத்தால் மறுமுனை உள்ளே போய் மறுகையை முன்னுக்குக் கொண்டுபோகும். அந்த உருளையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் இழுப்பது கடினம், தளர்த்தினால் எளிது. அவ்வளவுதான். மின்சாரமும் வேண்டாம், சத்தமும் அதிகமில்லை.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் பால்ஸ் என்ற பொறியாளர் 1970களின் நடுவில் இதனை உருவாக்கினார். பனிச்சறுக்கு வீரர்கள் வெளியே போக இயலாத நாட்களில் பழகுவதற்கென்று வீட்டில் செய்த கருவி, பின்னர் நார்டிக்ட்ராக் என்ற பெயரில் பெரும் வணிகமாயிற்று. 1986இல் அந்த நிறுவனத்தை வேறொரு குழுமம் வாங்கியது. 1998இல் அந்தக் குழுமமே நொடித்துப் போயிற்று. பெயர் மட்டும் வேறு கைக்கு மாறி இன்றும் வாழ்கிறது. கடும் குளிரால் வெளியே போக முடியாதவர்களுக்காகப் பிறந்த இயந்திரம், லாரிக்கு அஞ்சி வெளியே போக முடியாத எனக்கு வந்து வாய்த்தது.

முதல் நாள் இரண்டு நிமிடங்கள்கூட நிற்க முடியவில்லை. வலக்கால் பின்னே போக, இடக்கை பின்னே வர வேண்டும். எனக்கோ கால் போன பக்கமே கையும் போயிற்று. ஒருமுறை பலகை நழுவி மெத்தைப் பட்டையின் மீது விழுந்தேன். என் மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிவந்து, "மாமி, முதலில் காலை மட்டும் பழகுங்கள், கை பிறகு" என்றாள். நல்ல யோசனை. பத்து நாட்களில் கால் பழகிற்று. மூன்றாவது வாரம் கையும் இசைந்து வந்தது. வீட்டுக்குள்ளேயே என்றாலும் காலணி அணிந்துதான் ஏறுவேன். இறங்கியதும் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழங்கள் வைத்திருப்பேன். சர்க்கரை மாத்திரை உண்பவர்கள் வெறும் வயிற்றில் கடுமையாக உழைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நான்கு மாதங்களில் அரை மணி நேரம் நிற்காமல் செய்யும் வலிமை வந்தது. ஹெச்பிஏ1சி 7.3க்கு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்தேன். இடையில் இயந்திரத்தின் கயிறு இற்று அறுந்தபோது என் கணவர் தம் பட்டறையிலிருந்து, தலைமூடி வைத்த பனியன்களுக்குக் கோக்கும் நாடாவில் கனமான ரகமொன்றைக் கொண்டுவந்து கட்டினார். அவர் எட்டுத் தையல் மெஷின்கள் வைத்துப் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். எங்கள் பக்கத்து வழக்கில் பவர் டேபிள். அறுந்தது எதுவானாலும் அவர் கையில் ஒரு நாடா இருக்கும்.

அடுத்த சோதனையில் அளவு 7.2. அதற்கடுத்ததில் 7.3. ஏழுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எண் அசையவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று.

தம்பியிடம் குறைபட்டுக்கொண்டேன். அவன் கனடாவில் பூங்காக்களில் நடப்பவர்கள் சிலர் மணிக்கட்டில் எடைப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு கைகளை வீசி நடப்பார்கள் என்றான். அந்த வழக்கத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. லெனார்ட் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1982இல் 'ஹெவிஹேண்ட்ஸ்' என்ற நூலை எழுதினார். காலை மட்டும் உழைக்க வைப்பதைவிட, கைகளில் சிறு எடைகளை ஏந்தி உயர்த்தி இறக்கியபடி நடந்தால் உடலின் பெரும்பாலான தசைகள் ஒருங்கே உழைக்கும், இதயமும் கூடுதலாகப் பயன்பெறும் என்பது அவர் கருத்து. கருத்தில் பிழையில்லை. கையில் எடை கூடினால் நாடித்துடிப்பு கூடுவது உண்மைதான். நான் கேட்டதில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன். அவர் சொன்னது நடப்பவர்களுக்கு. நான் ஏறி நின்றதோ கைகளுக்கென்று ஏற்கெனவே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்த இயந்திரத்தின்மீது.

கடையில் வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. பனியன் பட்டறை வீட்டில் துணிக்கும் தையலுக்கும் பஞ்சமா? கழுத்துப்பட்டைக்கு வெட்டிய ரிப் துணியில் மிஞ்சியதை எடுத்து இரு நீண்ட பைகளாகத் தைத்தேன். ரிப் துணி இழுபடும், மணல் கசியும். ஆகவே உள்ளே ஏற்றுமதிப் பேக்கிங்குக்கு வந்த பாலிதீன் உறையை வைத்து, சலித்த ஆற்றுமணலை நிரப்பினேன். ஒட்டிப் பிரியும் வெல்க்ரோ பட்டை வைத்து முடித்தேன். எடை சரியாக இருக்க வேண்டுமே? துணியின் ஜிஎஸ்எம் பார்க்கும் சிறு தராசு பட்டறையில் இருந்தது. வட்டமாக வெட்டிய ஒரு துண்டுத் துணியை நிறுப்பதற்கானது அது. அதில் நூறு நூறு கிராமாக ஐந்து முறை மணலை நிறுத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, "ஏம்மா, மணலுக்கும் ஜிஎஸ்எம் பார்க்கிறாயா?" என்றார். ஒரு கைக்கு அரைக் கிலோ.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. நாடியைப் பத்து விநாடிகள் எண்ணி ஆறால் பெருக்கிப் பார்ப்பது என் வழக்கம். முன்பு 114 வந்தது 120 வந்தது. வியர்வையும் கூடிற்று. இரண்டாவது வாரம் முக்கால் கிலோ ஆக்கினேன். ஐந்தாவது வாரம் புதிதாக நீளப் பைகள் தைத்து ஒரு கிலோ. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மாவின் கால் என் கண்ணெதிரே நின்றுகொண்டு, இன்னும் இன்னும் என்று விரட்டிற்று என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

வலி சத்தமின்றித்தான் வந்தது. வலத்தோளின் முன்புறத்தில், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு குடைச்சல். உழைத்த வலி என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். பிறகு மேல் அடுக்கிலிருந்து டப்பாவை எடுக்கையில் சுருக்கென்றது. டப்பாக்களைக் கீழடுக்குக்கு மாற்றிவிட்டேன். தக்பீருக்குக் கையைத் தோள் வரை உயர்த்த வேண்டிய இடத்தில் நெஞ்சு வரைதான் வந்தது. இயந்திரத்தை நிறுத்தவில்லை, எடையையும் கழற்றவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் சர்க்கரை ஏறும், ஏறினால் கால். அச்சம் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதில் பிழை காண மனம் இசைவதில்லை.

கண்டுபிடித்தவள் மருமகள். ஒரு திருமணத்திற்குப் புறப்படும்போது கூந்தலைப் பின்னக் கையைப் பின்னுக்குக் கொண்டுபோக முடியாமல் கண்ணாடி முன் நின்றேன். அவள் ஒன்றும் பேசாமல் சீப்பை வாங்கிப் பின்னிவிட்டாள். முடித்ததும், "மாமி, நான் வந்த இந்த ஆறு வருடத்தில் நீங்கள் யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. எத்தனை நாளாய் வலி?" என்று கேட்டாள். "கொஞ்ச நாளாய்" என்றேன். "அந்த மணல் பைகளா?" என்றாள். திருமணத்திற்குப் போய் வந்த மறுநாள் அவளே என்னைத் திருப்பூருக்கு எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் கையைத் தாமே உயர்த்திப் பார்த்தார். பிறகு என்னை உயர்த்தச் சொன்னார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களில் அழற்சி என்றார். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் மூட்டே இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருவதுண்டு, நாற்பதிலிருந்து அறுபதுக்குள் அது வரும் வயது, வந்தால் கை பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டு, சிலருக்கு அதனினும் மிகுதியாகும் என்று சொல்லிவிட்டு, "நீங்கள் அந்த வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே போகவில்லை" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு பேனாவை என் கையில் கொடுத்து, கையை மடக்கி உடலோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பிறகு கையை முன்னே முழுதாக நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பேனாவுக்கு எடையே இல்லை என்றாலும் நீட்டிய கையின் கனம் தோளில் தெரிந்தது. "இப்போது இதன் நுனியில் ஒரு கிலோவைக் கட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வீசினீர்கள்?" என்றார்.

கணக்குப் பார்த்தேன். நிமிடத்திற்கு ஒவ்வொரு கையும் ஏறக்குறைய முப்பது வீச்சு. அரை மணிக்குத் தொள்ளாயிரம். வாரத்தில் ஆறு நாள் செய்தேன், ஐயாயிரத்து நானூறு.

எனக்கு இதனை முழுதாக விளங்க வைத்தவர் மருத்துவரல்லர். எங்கள் பட்டறையில் அயர்ன் போடும் ஓர் அண்ணன். பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீராவிப் பெட்டி பிடிப்பவர். அந்தப் பெட்டி கிட்டத்தட்ட இரண்டு கிலோ இருக்கும். காலை எட்டரை மணி தொடங்கி ஒன்றரை ஷிப்ட் நாட்களில் இரவு வரை அது அவர் கையில்தான். அவருக்குத் தோள் வலி இல்லை. நான் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்து விசாரித்தார். விவரம் கேட்டுவிட்டு மேசைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

"பாருங்கக்கா, நான் பெட்டியைத் தூக்கறதே இல்லீங்க. தள்ளறேன், இழுக்கறேன். எடை மேசை மேல இருக்குது. கை சும்மா வழி காட்டுது. புதுசா வர்ற பசங்க ஒவ்வொரு பீசுக்கும் தூக்கித் தூக்கி வைப்பாங்க. மூணு மாசத்துல தோளைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்குவாங்க."

அன்றிரவு இயந்திரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொன்ன ஒரு சொல்லில் என் பிழை முழுவதும் இருந்தது. எடை எந்தத் திசையில் இழுக்கிறது? எப்போதும் கீழ்நோக்கித்தான், மண்ணின் ஈர்ப்பு வேறு திசை அறியாது. என் கை செய்யும் வேலையோ முன்னிருந்து பின்னுக்குக் கயிற்றை இழுப்பது. இழுக்கும்போது கை தோளின் உயரத்திலிருந்து இடுப்புக்கு இறங்குகிறது. மணல் பையும் கூடவே இறங்குகிறது. ஆகவே அது இழுப்பதைக் கடினமாக்கவில்லை. சற்று எளிதாகவே ஆக்கியது. நான் எந்தத் தசைகளுக்கு வேலை கூட்ட நினைத்தேனோ அவற்றுக்கு வேலை குறைந்தது. கூடிய வேலை எங்கே என்றால், கை மீண்டும் முன்னே ஏறும்போது. அப்போது நீட்டிய கையின் நுனியில் தொங்கும் ஒரு கிலோவைத் தோளின் முன்புறத்துச் சிறு தசைகள் தூக்கியாக வேண்டும். இது போதாதென்று, வீச்சின் இரு கோடிகளிலும் ஓடுகிற எடையைத் தடுத்து நிறுத்தித் திருப்ப வேண்டும். நிமிடத்துக்கு அறுபது முறை அந்தக் குலுக்கலைத் தாங்கியது தோள் மூட்டும் முழங்கை மூட்டும்.

நுனியில் இருக்கும் எடை ஏன் இத்தனை கனக்கிறது என்பதைப் பழைய வெள்ளிக்கோலைப் பார்த்தவர்கள் எளிதில் அறிவார்கள். கோலின் நுனிக்குப் போகப் போகச் சிறு கல்லும் பெரிய மூட்டையைத் தூக்கிவிடும். தோளிலிருந்து மணிக்கட்டு எனக்கு ஏறத்தாழ இரண்டடி. கையை அசைக்கும் தசையோ மூட்டுக்கு மிக அருகிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. நுனியில் ஒரு கிலோ என்றால் அந்தத் தசை அதைப்போல் பல மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும்.

நாடித்துடிப்பு 114லிருந்து 120 ஆனதே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அந்த ஆறு துடிப்புக்கு இயந்திரத்திலேயே வழி இருந்தது. கயிற்று உருளையின் திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும். அது இழுக்கிற திசையிலேயே எதிர்க்கும். கை திரும்பும்போது ஒன்றும் செய்யாது. வீச்சின் கோடியில் குலுக்காது. அந்தத் திருகு என் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில், முதல் நாளிலிருந்தே இருந்தது. நான்தான் பட்டறை வீட்டுப் புத்தியோடு தைக்க உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கைக்கு ஓய்வு. கால் பலகையை மட்டும் ஓட்டலாம், கைகளால் முன்னுள்ள பட்டையை இலேசாகப் பற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். அதுவே பெரிய ஆறுதல். முழுதாக நிறுத்தச் சொல்வார் என்றுதான் அஞ்சியிருந்தேன். இயன்முறை மருத்துவம் பார்க்கும் பெண் மூன்று பயிற்சிகள் கற்றுத் தந்தாள். முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் போல் ஆட்டுவது. சுவரில் விரல்களால் எறும்பு ஏறுவதுபோல் மெல்ல மேலேறுவது. கதவுக்கு மேலே இராட்டினம் கட்டி, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையை உயர்த்துவது. மூன்றாவதற்கு நாடா கொண்டுவந்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஏறும் பயிற்சிக்குப் பேத்தி சாக்குக்கட்டியால் ஒவ்வொரு வாரமும் கோடு போட்டாள். முதல் கோடு என் மூக்கின் உயரத்தில் இருந்தது. பதினோராவது வாரம் கோடு போட அவள் ஸ்டூல் மீது ஏற வேண்டியிருந்தது.

அந்த மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 7.5க்கு ஏறியது. நான் அஞ்சிய அளவு ஏறவில்லை. சர்க்கரை மருத்துவர் என் சாப்பாட்டைத் துருவித் துருவிக் கேட்டார். இரவில் எல்லாரும் சாப்பிட்ட பின் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி நானே உண்டு முடிப்பது என் நாற்பதாண்டு வழக்கம். உடற்பயிற்சியில் எதைக் கூட்டலாம் என்று மணலை நிறுத்துக்கொண்டிருந்தவள், அந்தச் சோற்றை ஒரு நாளும் நிறுத்துப் பார்க்கவில்லை. இப்போது உலையில் போடும் அரிசியையே குறைத்துவிட்டோம். கடைசியாக எடுத்த அளவு 6.9.

எடைப்பட்டைகளே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. தோளும் முழங்கையும் நலமாயுள்ளவர்கள் அரைக் கிலோவுக்குள் கட்டிக்கொண்டு, கையை மடக்கி அளவாக வீசி நடந்தால் அதில் பயன் உண்டு. கையில் ஏந்தும் எடையைவிட மணிக்கட்டில் கட்டுவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஏந்தும் எடையை இறுகப் பற்ற வேண்டும். நெடுநேரம் இறுகப் பற்றினால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்த நோய் உள்ளவர்கள் எதுவானாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கயிறோ கைப்பிடியோ உள்ள இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு என் சொல் ஒன்றுதான்: முதலில் திருகைத் தேடுங்கள். இப்போது பல வீடுகளில் காலால் மிதித்துக் கையால் தள்ளும் கிராஸ் ட்ரெய்னர் என்னும் இயந்திரம் துணி காயப்போடும் கொடியாக நிற்கிறது. அதிலும் இதே கதைதான். திருகிவிட ஒரு குமிழ் இருக்கும்.

நான் இப்போது கயிற்றை மீண்டும் பிடிக்கிறேன். திருகு முன்பிருந்ததைவிட ஒரு சுற்று அதிகம். வாரத்தில் இரண்டு நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய அரைக் கிலோப் பைகளைக் கையில் வைத்து முழங்கையை மட்டும் மெல்ல மடக்கி நீட்டுகிறேன். எண்ணிப் பன்னிரண்டு முறை, வீச்சு கிடையாது. தக்பீருக்குக் கை தோள் வரை வருகிறது. கூந்தலை நானே பின்னிக்கொள்கிறேன் என்றால் மருமகள் விடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளிடம் தலையைக் கொடுக்கிறேன்.

ஒரு கிலோப் பைகள் இரண்டையும் தூக்கி எறியத்தான் எண்ணியிருந்தேன். ஒருநாள் பட்டறைக்குள் நுழைந்தால், வெட்டு மேசையில் விரித்த துணி அடுக்கின் மேல் மாதிரிக் காகிதம் நகராமலிருக்க அவை இரண்டும் இரு முனைகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. மின்விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது, காகிதம் அசையவில்லை. கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்து, "அக்கா, இதேபோல் இன்னும் நாலு தைத்துக் கொடுங்கள்" என்றார்.